பூ அனுப்புவது லேசு

கால்வாயில் படகு வந்தால் பாலத்தைத் தூக்கி வழிவிடுகிற யெல்சும் பாலத்துக்காரர் ரூர்டுக்கு ஒரு விதி உண்டு. முதலில் காசு, அப்புறம் பாலம். அக்கம்பக்கத்து ஊர்களில் முதலில் பாலத்தைத் தூக்கிவிடுவார்கள். படகு கடக்கும்போது தூண்டில் கோலின் முனையில் ஒரு மரச்செருப்பைக் கட்டி நீட்டுவார்கள், படகுக்காரன் போகிற போக்கில் அதில் காசைப் போட்டுவிட்டுப் போவான். ரூர்டிடம் அந்தப் பேச்சே கிடையாது. படகு வந்து நிற்க வேண்டும், செருப்பு இறங்க வேண்டும், இரண்டு யூரோ அதற்குள் விழுகிற சத்தம் அவர் காதில் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போகும். சில்லறை இல்லை என்று கையை விரித்த ஒரு டென்மார்க்காரனைப் போன கோடையில் திருப்பியே அனுப்பிவிட்டார். பாவம், அவன் ஒன்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போனான்.

ஆள் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அறுபத்து நாலு வயதில் ஒருவரிடமும் அஞ்சு காசு கடன் வாங்காத மனிதர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இருபத்தாறு வயதில் இந்தப் பாலத்துக்கு வந்தவர், பாலத்தை ஒட்டிய சின்ன வீட்டிலேயே தங்கிவிட்டார். காலை பத்து மணிக்குக் காபி, அதற்கு ஒரே ஒரு பிஸ்கட். பன்னிரண்டு முதல் ஒன்று வரை பாலம் மூடல், யார் வந்தாலும் சரி. இந்த ஒழுங்கெல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் இதைப் பெரிய குணம் என்று யாரும் மெச்ச மாட்டார்கள், ஏனென்றால் பாதிப் பேர் அப்படித்தான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜூனில், ஒரு புதன்கிழமை காலை, அந்தப் பிஸ்கட்டைக் கடிக்கும்போது மடிக்கணினியில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் கனடாவில் இருக்கும் அக்கா மகள் ஷெரில். அம்மா திங்கட்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டாள், சனிக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் ஊர்த் தேவாலயத்தில் அடக்கம், உங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். வருவீர்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அவளுக்கு மாமாவைத் தெரியாது.

ஹிஸ்கே அக்கா அவரைவிட எட்டு வயது மூத்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் புருஷனோடு கப்பலேறி ஆல்பர்ட்டா பக்கம் பண்ணைக்குப் போனவள். இருபத்தொன்பது வருஷமாக இரண்டு பேருக்கும் நடுவில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைதான் ஓடிக்கொண்டிருந்தது. அச்சடித்த வாசகம், கீழே ஒரு கையெழுத்து. வேறு ஒரு எழுத்து இருக்காது. அதற்குக் காரணம் ரூர்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். பூ அனுப்ப வேண்டும். அதுவும் சனிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குமேல் அவருக்கு அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை.

இணையத்தில் வாங்குவது அவருக்குப் புதிதில்லை. மழைக்கோட்டு, தூண்டில் நரம்பு, காபி இயந்திரத்துக்கு வடிதாள், எல்லாம் வாங்கியிருக்கிறார். நம் நாட்டுக் கடைகளில் அது எவ்வளவு சுளுவு என்று தெரியுமே. பேங்க் பெயரைத் தொட்டால் பேங்க் பக்கமே திறந்துகொள்ளும். கால்குலேட்டர் மாதிரி ஒரு சின்னப் பெட்டியில் கார்டைச் செருகினால் அது ஒரு எண்ணைக் காட்டும், அதை அடித்தால் முடிந்தது. அந்த நம்பிக்கையில்தான் அக்கா ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பூக்கடையைப் பிடித்தார். வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு வளையத்தைத் தேர்ந்தெடுத்தார். கோயில் முகவரியைப் பிழையில்லாமல் அடித்தார். கடைசியில் பணம் கட்டும் பக்கம் வந்தது.

அங்கே பேங்க் பெயர் எதுவும் இல்லை. கார்டு எண், பதினாறு இலக்கம் என்று கேட்டது. ரூர்டு தன் கார்டைப் புரட்டிப் பார்த்தார். அதில் இருந்தது கணக்கு எண், ஒன்பது இலக்கம். அவர் காலத்து பேங்க் படிவங்களில் கட்டம் மிச்சமிருந்தால் முன்னால் பூஜ்யம் போட்டு நிரப்புவார்கள். இவரும் ஏழு பூஜ்யத்தைப் போட்டு, பின்னால் ஒன்பது இலக்கத்தையும் அடித்தார். கணக்குச் சரியாக வந்தது என்று உள்ளுக்குள் ஒரு திருப்திகூட. அடுத்தது மூன்று இலக்க ரகசிய எண். அதுவும் இருந்ததே. நம் கார்டுகளில் இது எத்தனையாவது கார்டு என்று ஒரு வரிசை எண் இருக்குமே, அது இவருக்கு சைபர் சைபர் நாலு. அதை அடித்தார்.

சிவப்பில் ஒரு வரி வந்தது. இந்த எண் செல்லாது.

சரி, சின்னப் பெட்டியில் வரும் எண்ணைத்தான் கேட்கிறார்கள் போல என்று கார்டைச் செருகி, அது காட்டிய எட்டு இலக்கத்தை அடிக்கப் பார்த்தார். கட்டம் மூன்று இலக்கத்துக்குமேல் வாங்கவில்லை. கடைசி மூன்றை மட்டும் அடித்தார். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை, உங்கள் பாதுகாப்பைக் கருதி இருபத்துநாலு மணி நேரத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று வந்தது. யாரிடமிருந்து தனக்குப் பாதுகாப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. வெளியே மூன்று படகுகள் ஒலிப்பானை அடித்துக்கொண்டிருந்தன. எழுந்து போய்த் தூண்டில் கோலை எடுத்தார்.

மத்தியானம் பாலம் மூடியிருந்த ஒரு மணி நேரத்தில் பேங்குக்குப் போன் போட்டார். பாட்டுப் பாடிக் காக்கவைத்த பிறகு ஒரு பெண் வந்தாள். குரல் நல்ல குரல்தான்.

"அந்தக் கார்டு வெளிநாட்டு இன்டர்நெட் கடையில போகாதுங்க," என்றாள்.

"ஸ்பெயினுக்குப் போனப்ப கடையில தேய்ச்சேனே. அங்க போச்சு."

"நேர்ல தேய்ச்சா போகும். இன்டர்நெட்டுல போகாது. நீங்க ஒரு கிரெடிட் கார்டுக்கு எழுதிப் போடுங்க."

"எத்தன நாள் ஆகும்?"

"பத்து வேலை நாள்."

"சனிக்கிழமை அடக்கம்மா."

"ரொம்ப வருத்தமா இருக்குங்க," என்றாள். உண்மையாகவே சொன்னாள். "பேங்க்லேர்ந்து பேங்குக்கு அனுப்புனாலும் நாலு நாள் ஆகும். எங்க கையில ஒண்ணும் இல்லைங்க."

கிரெடிட் கார்டை அவர் முப்பது வருஷமாக வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் இல்லாத பணத்தைச் செலவழிக்க ஒரு அட்டையா என்று கேட்பார். இப்போது கையில் பணம் இருந்தது. அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, அங்கே காலை ஒன்பது, பூக்கடைக்கே போன் போட்டார். ரூர்டின் ஆங்கிலம் பாலத்து ஆங்கிலம். நில்லு, மெதுவா, ரெண்டு யூரோ, நன்றி, இவ்வளவுதான் அதில் அடக்கம். எதிர்முனையில் ஒரு சின்னப் பெண்.

"உங்க கார்டு நம்பர் சொல்லுங்க சார்."

அவர் ஒன்பது இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மீதி, சார்?"

"மீதி இல்ல. முடிஞ்சது."

"பதினாறு வேணும் சார்."

"எங்க ஊர்ல ஒம்பது போதும்."

அவள் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குள் பணம் வந்தால் சனிக்கிழமை காலையில் கோயிலில் பூ இருக்கும், அதுக்கப்புறம் முடியாது என்று பொறுமையாகச் சொல்லி வைத்தாள். அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே ராத்திரி எட்டு. ரூர்டு அதை நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்.

பாலத்தடியில் மீன் பொரித்து விற்பவள் பவுக்யே. ஐம்பத்தெட்டு வயது. வாய் என்றால் வாய், பெரிய வாய். இருபது வருஷமாக ரூர்டை வம்புக்கு இழுப்பதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை சாயங்காலம் கடையை மூடும்போது ரூர்டு வந்து நின்றார்.

"பவுக்யே, உங்கிட்ட கிரெடிட் கார்டு இருக்கா?"

"எங்கிட்டயா? இந்தா பாரு." எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பர்சிலிருந்து கார்டை எடுத்துக் காட்டினாள். "உன்னுது மாதிரியேதான். கொஞ்சம் மீன் வாசனை கூட வரும். எதுக்குக் கேக்குற, கள்ளக் காதலிக்கு நகை வாங்கணுமா?"

ரூர்டு விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் மாறியது. அவரை உட்காரவைத்து மீன் துண்டு நாலைத் தட்டில் போட்டுக் கொடுத்தாள்.

"அக்கா மககிட்டச் சொல்லு. அவ அங்க கட்டிடட்டும். நீ அப்புறமா அனுப்பிக்கோ. இதுக்குப் போயி ஏன் மண்டைய உடைச்சுக்குற?"

"அவ ஆத்தா சாவுக்கு அவளையே பூ வாங்கச் சொல்லவா? அது என் பூ ஆகாது."

"யார் வாங்குனா என்ன? பூ பூதான்."

"பூ பூ இல்ல," என்றார் ரூர்டு. பிறகு, இருபத்தொன்பது வருஷம் சொல்லாததைச் சொன்னார்.

எண்பத்து மூன்று ஜனவரியில் அம்மா போனாள். ஹிஸ்கேயால் வர முடியவில்லை. ஒரு பூ வளையம் மட்டும் வந்தது, எல்லாவற்றிலும் பெரிய வளையம். வழக்கப்படி சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். பனியில் கால் வழுக்கியது, தோள் மரத்துப்போனது, அந்த வளையம் பெட்டிமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கடைசி இரண்டு வருஷம் அம்மாவுக்கு மலம் அள்ளியவர் ரூர்டு. ஊர்க்காரர்கள் எல்லாம் அந்தப் பூவைப் பார்த்து ஹிஸ்கேயைப் புகழ்ந்தார்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே கடிதம் எழுதினார்.

"என்ன எழுதுன?"

"பூ அனுப்புறது லேசு. தூக்கிச் சுமந்தவன் நான்னு எழுதுனேன்."

பவுக்யே இன்னும் இரண்டு மீன் துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

"இப்ப என்னால அதையே பண்ண முடியல," என்றார் ரூர்டு. "ரெண்டு நாளா மல்லுக்கட்டுறேன், ஒரு பூவ அனுப்ப முடியல. எனக்கு வெக்கமா இருக்கு, பவுக்யே."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், பாதி வழியில் நின்றாள். "இரு இரு. அந்தக் கிரெடிட் கார்ட எங்கிட்ட நீட்டாத இங்கிலீஷ்காரன் இல்ல. ஒரு மீன் துண்டுக்குக்கூட அதத்தான் நீட்டுவான். எங்கிட்ட இருக்குற மிஷின் அத வாங்காது. எத்தனையோ பேரப் பசியோட அனுப்பியிருக்கேன். எங்கிட்ட செல்லாதுதான், உன் பூக்கடையில செல்லும்ல?"

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ரூர்டு படகுகளின் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்தார். வெளிநாட்டுக்காரர்தானே என்று அவரிடம் கேட்டே விட்டார். அவர் தலையை ஆட்டினார். "எங்கிட்டயும் உங்க மாதிரி கார்டுதாங்க. போன மாசம் பேரனுக்கு அமெரிக்காவுல ஒரு பொம்ம வாங்கப் பாத்தேன். அதப் பத்திப் பேசாதீங்க, வயிறெரியுது." இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மேலும் கீழுமாக நின்று தலையாட்டிக்கொண்டார்கள். காசு செருப்பில் விழுந்தது, பாலம் திறந்தது. அடுத்து வந்தவை எல்லாம் உள்ளூர்ப் படகுகள். இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று.

நாலு மணி சுமாருக்கு நீல நிறத்தில் ஒரு பழைய படகு, பின்னால் ஆங்கிலேயக் கொடி. ஓட்டியவர் வழுக்கைத் தலை மனிதர், பக்கத்தில் தொப்பி போட்ட மனைவி. ரூர்டு கோலை நீட்டினார். அந்த மனிதர் சட்டைப் பையைத் தட்டினார், கால்சட்டைப் பையைத் தட்டினார், மனைவியைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"சில்லறை தீந்துபோச்சுங்க," என்று மேலே பார்த்துக் கத்தினார். பிறகு ஒரு அசட்டுச் சிரிப்போடு பர்சைத் திறந்து ஒரு கார்டை எடுத்து, தொங்கிக்கொண்டிருந்த செருப்புக்கு மேலே பிடித்தார். "இதப் போடவா?"

வேறொரு நாளாக இருந்தால் ரூர்டு கையால் ஜாடை காட்டி அவர்களை வந்த வழியே அனுப்பியிருப்பார். இப்போது கைப்பிடிக் கம்பிமேல் குனிந்து அந்தக் கார்டைப் பார்த்தார். நாலு நாலாக, எழும்பி நிற்கும் எழுத்தில், எண்கள். எண்ணினார். பதினாறு.

"நில்லு," என்றார். "அங்கேயே நில்லு."

பாலத்து அறைக்குள் போனார். காலையிலேயே எழுதி வைத்திருந்த காகிதம் மேசையில் இருந்தது. கடை, வளையம், கோயில், அக்காவின் பெயர், கீழே அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு வரி: என் அக்கா இறந்தாள், என் கார்டு அங்கே வேலை செய்யாது. அதோடு இரண்டு ஐம்பது யூரோ நோட்டைச் சேர்த்து மடித்து, செருப்புக்குள் வைத்து, கோலை மறுபடி இறக்கினார். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தச் செருப்பு காசோடு கீழே போனது அதுதான் முதல் தடவை. படகுக்காரர் எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டால் இவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதுவும் தெரிந்துதான் இறக்கினார்.

அந்த மனிதர் காகிதத்தைப் படித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். அவள் படித்தாள். தொப்பியைக் கழற்றினாள். படகைக் கரையோரக் கம்பத்தில் கட்டிவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். பின்னால் இரண்டு படகு வந்து நின்றது. அதில் ஒருவன் ஒலிப்பானை அடித்தான். பவுக்யே கடையிலிருந்து வெளியே வந்து, கரண்டியை ஆட்டி, "பொத்திக்கிட்டு நில்லுடா, சாவுக் காரியம் நடக்குது," என்று ஒரு அதட்டல் போட்டாள். அவன் அடங்கிவிட்டான்.

கால் மணி நேரம் கழித்துத் தொப்பிக்காரி நிமிர்ந்தாள்.

"பூவோட ஒரு சீட்டு வைப்பாங்களாம். அதுல என்ன எழுதட்டும்?"

ரூர்டு அதை யோசிக்கவே இல்லை. பணம் கட்டுகிற பக்கத்தைத் தாண்டினால்தானே சீட்டு. பாலத்துமேல் நின்றார். கீழே இரண்டு முகம், பின்னால் இரண்டு படகு, கடை வாசலில் பவுக்யே. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஆங்கிலத்தில் வார்த்தைகளைப் பொறுக்கினார்.

"ஹிஸ்கே. பூ அனுப்புறது லேசு இல்ல. ரூர்டு."

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள். "ஆழ்ந்த அனுதாபம், அப்படி எதுவும்..."

"இல்ல. அவ்வளவுதான்."

அவள் அடித்தாள். அதே ஆங்கிலத்தைத் திருப்பிப் படித்தாள். பிறகு கையைத் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினாள். மிச்சப் பணம் என்று ஏதோ நோட்டை நீட்டப் பார்த்தாள், ரூர்டு வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். பொத்தானை அழுத்தினார். மணியடித்து, தடுப்புக் கம்பு இறங்கி, பாலம் எழும்பியது. நீலப் படகு இரண்டு யூரோ கொடுக்காமலே யெல்சும் பாலத்தைக் கடந்தது. பின்னால் நின்ற இரண்டு படகும் அந்தச் சாக்கில் கொடுக்காமலே நழுவிவிட்டன. அதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஷெரிலின் கடிதம் வந்தது. கூடவே ஒரு புகைப்படம். பெட்டிமேல் வெள்ளையும் மஞ்சளுமாக வளையம், அதன் நடுவே சீட்டு. ரூர்டு அதைக் கணினியோடு தூக்கிக்கொண்டு மீன்கடைக்குப் போனார். காபியும் பிஸ்கட்டும் அறையிலேயே கிடந்தன.

"படி," என்றார். "எனக்குக் கண்ணு சரியா தெரியல."

பவுக்யேவுக்கு ஆங்கிலம் அவரைவிடத் தேவலை. படித்து, தன் பேச்சில் சொன்னாள்.

"சீட்டுல இருந்தத எல்லாரும் பாத்தாங்களாம். அப்பாவுக்கு மட்டும்தான் அர்த்தம் புரிஞ்சுதாம், பாத்துட்டு அழுதுட்டாராம். எண்பத்து மூணுல பாட்டி செத்தப்ப அம்மா பூ அனுப்பப் பட்ட பாட்ட எங்களுக்கு அடிக்கடி சொல்லுவாங்க, அப்படிங்குறா. பனியில டவுனுக்கு வண்டி ஓட்டிட்டுப் போனாங்களாம், அறுபது கிலோமீட்டர். செக்க வாங்க மாட்டேன்னு கடையில சொல்லிட்டாங்களாம். அம்மாகிட்டக் கார்டு கிடையாது. திரும்பி வந்து, பாதிரியார் பொண்டாட்டி கையில கால்ல விழுந்து அவங்க கார்ட வாங்கிக்கிட்டு, மறுபடி அறுபது கிலோமீட்டர் போனாங்களாம்." பவுக்யே நிறுத்தினாள். "அந்தப் பூவப் பாத்துட்டா நீ அப்படி எழுதுன?" என்றாள்.

ரூர்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"இருபத்தொம்பது வருஷம்," என்றார். "ஒரு வார்த்த சொல்லலியே அவ எங்கிட்ட."

"நீ கேட்டியா?" என்றாள் பவுக்யே.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு படகு ஒலிப்பானை ஒரு தடவை அடித்தது, பிறகு இன்னொரு தடவை. ரூர்டு உட்கார்ந்தே இருந்தார். கடைசியில் பவுக்யேதான் ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய், பொத்தானைத் தேடி அழுத்திப் பாலத்தைத் தூக்கினாள்.